வெங்கோ என்றால் வாரேன்

இத்தாலி மொழி வகுப்பில் நான் செய்த முதல் தவறு, ஒரு கடையை விட்டு வெளியே வந்தபோது நடந்தது.

ஹுஸ்னா டீச்சர் வாரத்துக்கு ஓர் ஊர் என்று வைத்திருந்தார். முதல் வாரம் பொலோஞ்ஞா. குற்றாலத்தில் வாங்கி வந்த மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் மேசையில் பரப்பி, இதுதான் பொலோஞ்ஞா சந்தை என்றார். அந்த ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டுச் செங்கோட்டைக்குத் திரும்பியவர் அவர். தென்காசி ரத வீதியில் ஒரு செல்போன் கடையின் மாடியில் சாயங்கால வகுப்பு நடத்துகிறார். படிப்பவர்களில் பெரும்பாலோர் இத்தாலிக்கு வேலைக்குப் போகவிருக்கும் நர்ஸுகள். ஓட்டல் படிப்பு முடித்த மகாராஜா இலஞ்சியிலிருந்து வருகிறான். புருஷனிடம் போய்ச் சேர்வதற்காகப் படிப்பவள் நான் மட்டும்தான்.

"அங்க பழத்தை நம்ம கையால தொடக்கூடாது. கடைக்காரங்கதான் எடுத்துத் தருவாங்க" என்றார் டீச்சர்.

"மங்குஸ்தானை அமுக்கிப் பாக்காம வாங்கிட்டுப் போனா எங்கம்மா என்னைய வீட்டுக்குள்ளயே விடமாட்டா டீச்சர்" என்றான் மகாராஜா.

நான் எதையும் தொடவில்லை. அரைக் கிலோ கேட்டேன், விலை கேட்டேன், நன்றி சொன்னேன். எல்லாம் சரியாக வந்தது. கடையை விட்டு நகரும்போது "வெங்கோ" என்றேன்.

டீச்சர் சிரித்துவிட்டார். "வெங்கோன்னா வாரேன். நீ கெளம்புதல்லா? வாதோன்னு சொல்லணும். போறேன்."

"போறேன்னு எப்படி டீச்சர் சொல்லுதது?"

"எனக்கும் அங்கன போன புதுசுல வாய் வரலைதான். பழகிக்கோ."

மகாராஜா அன்றிலிருந்து படி இறங்கும்போதெல்லாம் "அக்கா, வெங்கோ!" என்று கையை ஆட்டுவான்.

என் கணவர் மணிமுத்து மோதெனா பக்கம் ஓடு செய்யும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அப்படித்தான் பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் மேலகரத்து வீட்டில் இருந்துவிட்டுப் போனார். டிசம்பருக்குள் என்னை அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். "இங்கன வந்தா கடைகண்ணிக்கு நீதான் போவணும். பேசப் படிச்சுக்கோ" என்றதும் அவர்தான். நான் மாமியாரிடம் பேசி வகுப்பில் சேர்ந்தேன்.

லீவு நாளில் ஊர் ஊராகச் சுற்றுவதாகச் சொல்வார். படங்கள் வரும். பிளாரன்ஸில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தோல் பைகள். எந்தக் கலர் வேணும் என்று கேட்டிருந்தார். காப்பிக் கலர் என்று எழுதினேன். பார்மாவில் ஒரு தட்டு, பீசாவில் ஒரு தட்டு, ஆவி பறக்க. நான் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, அது என்ன பண்டம் என்று வகுப்பில் விசாரித்துத் தெரிந்துகொள்வேன். தட்டில் ஒரு வாய்கூட எடுத்திருக்காது என்பதைக் கவனித்திருந்தேன். சாப்பிடும் முன்பே படம் எடுத்துவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சியேனா வாரம் வந்தது. அந்த ஊரிலிருந்து அவர் அனுப்பிய வீடியோ ஒன்று என்னிடம் இருந்தது. வீட்டில் மாமியார் பக்கத்தில் இருப்பார் என்பதால் சத்தம் வைக்காமலேதான் பார்த்திருந்தேன். டீச்சர் அதைப் பெரிய டிவியில் போடச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கட்டம் போட்ட மேசைவிரிப்பு. தடித்த நூடுல்ஸ் மாதிரி ஒரு பண்டம், மேலே துருவிய சீஸ். திரைக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது: "அவேத்தே ஸெல்தோ?" அத்துடன் வீடியோ முடிந்தது.

"கேட்டியளா?" என்றார் டீச்சர். "என்ன சாப்பிடுதீங்க, முடிவு பண்ணியாச்சான்னு சப்ளையர் கேக்குதாரு. ஆனா அவரும் தப்பாத்தான் சொல்லுதாரு. ஷெல்தோன்னு வரணும்."

"சப்ளையர் நம்ம பாவூர்ச்சத்திரத்துக்காரரா இருப்பாரு டீச்சர்" என்றான் மகாராஜா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மணிமுத்துவுக்கு 'ஷ' வராது. கல்யாணப் புடவை எடுத்த கடையை 'சோரூம்' என்றுதான் சொன்னார். 'சாப்பிங்' போவோமா என்பார்.

என் காது தவறாகக் கேட்டிருக்கலாம். அதனால் முறையாக யோசித்தேன். மெனு கார்டைப் பார்த்து அவரே படித்துப் பழகியிருக்கலாம். ஆனால் தனியாகச் சாப்பிடப் போனவர், முடிவு பண்ணிவிட்டீர்களா என்று யாரிடம் கேட்பார்? லீவு நாளானாலும் வேலை நாளானாலும் வகுப்பு விடும் நேரத்துக்குத்தான் அழைப்பார். அங்கே அப்போது மதியம் மூன்றரை. ஓட்டலில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிகிற நேரம்.

அன்றும் அழைத்தார். வெளியே சாரல். பஸ் ஸ்டாப்பில் மூடிக் கிடந்த ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்று எடுத்தேன்.

"எங்க இருக்கீய?"

"லூக்கால. சுத்திப் பாக்க வந்தேன். இப்பத்தான் சாப்ட்டு எந்திக்கேன்."

"என்ன சாப்ட்டீய?"

"என்னமோ ஒரு மீனு. வகுப்பு எப்படிப் போவுது? எதாச்சும் சொல்லேன் பாப்பம்."

சொல்ல எத்தனையோ வாக்கியங்கள் இருந்தன. நான் இதைத்தான் சொன்னேன்: "இல் கோந்தோ, பெர் ஃபவோரே." பில் கொண்டு வாங்க.

"சூபித்தோ, சிஞ்ஞோரா" என்றார்.

இதோ வந்துட்டேன் மேடம். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. என்னிடம் ஒருநாளும் பேசாத குரல், முதுகு வளைந்த குரல். சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். அதன் பின் அந்தப் பக்கம் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் மட்டும் வந்தது.

"ஏங்க" என்றேன்.

"ம்."

"நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கணுமோ?"

"கம்பெனில போன வருசமே ஆளைக் குறைச்சுட்டாவ. பொண்ணு பாக்கும்போது சொல்லியிருக்கணும். இங்க ஒரே ரூம்ல ஆறு பேரு கெடக்கோம்ட்டி."

"அந்த ஊருகள்லாம்?"

"ஒண்ணும் இல்ல. எல்லாத் தட்டும் இந்த ஒரே ஓட்டலுதான். பையி மட்டும் ஒருக்கா பிளாரன்ஸுக்குப் போனப்ப எடுத்தது."

"அப்ப டிசம்பரு?"

தகரத்தில் மழை வலுத்தது. அவர் ஏதோ சொன்னாரா, சொல்லவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. காதோடு போனை அழுத்திக்கொண்டேன்.

"நீ இனிமே கிளாஸுக்குப் போவாண்டாம் செல்வி" என்றார். பிறகு, "சரி, போறேன்."

இந்த மாதங்களில் ஒருநாள்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. "வாரேன்" என்பார், நான் "போய்ட்டு வாங்க" என்பேன், பிறகுதான் போன் வைப்போம். அன்று நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. அங்கேயே இருந்து இருந்து அந்த மொழிப் பழக்கம் வந்திருக்கலாம் என்று வீடு வரும் வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலகரத்தில் இறங்கும்போது அதை நான் நம்பவில்லை.

அதன் பிறகு அழைப்பு இல்லை. நான் அழைத்தால் மணி அடித்து ஓய்கிறது. மாமியாரிடம் எதுவும் சொல்லவில்லை. வழக்கம்போல வகுப்புக்குக் கிளம்பினேன்.

இந்த வாரம் நாப்போலி. டீச்சர் மேசைகளை ஓட்டல் மாதிரி போட்டு, "முத்துச்செல்வி, நீ கஸ்டமர். உக்காரு" என்றார்.

"நான் சப்ளையரா நிக்கேன் டீச்சர்" என்றேன்.

மகாராஜா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். நான் டீத்தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். "அவேத்தே ஷெல்தோ?"

"உச்சரிப்பு சுத்தமா இருக்கு" என்றார் டீச்சர். "ஆனா முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்கணும். அங்க அதையும் பாப்பாவ."

வைத்துக்கொண்டேன். மகாராஜா முடிவே பண்ணாமல் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தான், மற்றவர்கள் சிரித்தார்கள். கடைசிவரை நின்றேன்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அவன் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான். "அக்கா, வெங்கோ!"

"சரி, போய்ட்டு வா" என்றேன்.

பிறகு தகரக் கூரைக்குக் கீழே போய், கையில் போனோடு நின்றேன். மேலகரம் வழியாகப் போகும் குற்றாலம் பஸ் வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன்.