புள்ளிக்கு முன்னால் ருமைசா

ஜன்னத் கல்யாணமாகி லப்பைக்குடிக்காட்டுக்கு வந்த ஐந்தாம் மாதமே நசீர் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டான். அங்கே ஒரே அறையில் எட்டுப் பேர். முறை வைத்துச் சமைக்க வேண்டும். அவன் முறை வரும் நாளெல்லாம் வீட்டுக்குப் போன் வந்துவிடும். "தேங்காப்பால் திரிஞ்சு போச்சு, இப்ப என்ன பண்றது?" ஜன்னத் அடுப்படியிலிருக்கும் மாமியார் ருமைசாவிடம் கேட்டுக் கேட்டுச் சொல்லுவாள்.

ஒரே விஷயத்தை நாலு தடவை சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாமே என்று அவளுக்குத் தோன்றியது. பெரம்பலூரில் கம்ப்யூட்டர் படித்தவள். ஓசியில் பக்கம் தருகிற ஒரு தளத்தில் கணக்கு ஆரம்பித்து, மாமியின் சமையலை ஒவ்வொன்றாகத் தமிழில் ஏற்றினாள். சர்க்கரை பார்க்க மாதம் இரண்டு முறை மாமியைப் பெரம்பலூருக்குக் கூட்டிப் போவாள். டாக்டரிடம் காட்டிவிட்டு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சிங்காரவேலு வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்காருவாள். மாமி பக்கத்து நாற்காலியில் கண்ணயர்ந்துவிடுவாள்.

எட்டுப் பேர் படித்தது எண்பது பேராயிற்று. தொல்லை முகவரியில்தான் இருந்தது. இலவச முகவரி என்பதால் கேட்ட பேர் கிடைக்காமல், நடுவே இரண்டு கோடும் கடைசியில் ஒரு எண்ணுமாக ரயில் மாதிரி நீண்டிருந்தது. நசீரின் அறையில் இருந்த வாசிம் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஒரு நண்பனைப் பார்க்கப் போனான். வழியில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்ததில் பாதி முகவரி கழுவிக்கொண்டு போய்விட்டது.

அந்த வருஷம், இரண்டாயிரத்து ஏழில், நோன்பு வர இன்னும் இரண்டு வாரம் இருந்தபோது நசீர் போனில் கூச்சத்தோடு சொன்னான். "சொந்தப் பேரு ஒண்ணு வாங்கிட்டேன், ஜன்னத்து. ஜன்னத் சமையல் டாட் காம்."

அவளுக்குச் சந்தோஷத்தை முந்திக்கொண்டு பயம் வந்தது. "என் பேரையா? ஊரு பூரா பாக்குமே மச்சான். மாமி என்ன நினைப்பாங்க?"

"உம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றான். சொல்லவில்லை.

பேர் வாங்கியது அவன். பக்கம் இருந்தது அவளிடம். இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும். அவன் பேர் வாங்கிய இடத்தில், இந்தப் பேரைக் கூப்பிட்டால் அந்தத் தளத்துக்குப் போ என்று ஒரு வரி எழுத வேண்டும். அவள் தளத்தில் அதே பேரை ஒரு எழுத்துப் பிசகாமல் போட வேண்டும். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. காலையில் ஒரு தெரிந்த கடையில் கம்ப்யூட்டர் முன்னால் அவன் உட்காருவது, அதே நேரம் அவள் பெரம்பலூரில் உட்காருவது என்று பேசிக்கொண்டார்கள்.

சென்டருக்குள் செல்போனுக்கு டவர் கிடைக்காது. வாசல் படியில் நின்றால்தான் கிடைக்கும். அதனால் ருமைசா போனைக் காதில் வைத்துக்கொண்டு படியில் நின்றாள். ஜன்னத் உள்ளேயிருந்து உதவிப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, மாமி அதை மகனுக்குச் சொல்ல வேண்டும்.

"சீ நேம்ங்கிறதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க மாமி!"

ருமைசா போனில் தயங்கினாள். "நசீரு, உன்னைச் சீங்கிறாடா. ஏன்னு தெரியல. எதுவும் சண்டையா?"

நசீரின் சிரிப்பு போனைத் தாண்டிச் சென்டருக்குள் வரைக்கும் கேட்டது. சிங்காரவேலுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். "அது வரியோட வகைங்கம்மா. ஒரு பேருக்கு இன்னொரு பேரு இருந்தா அதைச் சொல்றது" என்றார்.

"அப்படி என்னடா பேரு வச்சிருக்கே?" என்று ருமைசா மகனைக் கேட்டாள். அவன் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. ருமைசா போனைக் காதிலிருந்து இறக்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜன்னத் எழுந்து வெளியே ஓடினாள். "மாமி, நான் வேணாம்னுதான் சொன்னேன். வூட்டுப் பொம்பளை பேரு இப்படித் தெருவுல—"

"நோன்புக் கஞ்சி யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீங்க."

"தாளிச்சா? வட்டலப்பம்?"

"நீங்கதான் மாமி."

"அப்புறம் மறுமவ பேருல உலகம் பூரா கஞ்சி ஊத்துறானா எம்மவன்?"

இத்தனை நாள் தான் பயந்தது எதற்கு, மாமி கோபப்படுவது எதற்கு! ஜன்னத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இன்னும் வினையாகிவிடுமே என்று அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க பேரைப் போட்டா எல்லாருக்கும் தெரியும். பரவால்லயா?"

"தெரியட்டுமே. நிக்காஹ் அன்னைக்குக் கூப்பிட்டதுதான் என் பேரு. அப்புறம் கவுஸ் பொண்டாட்டி, நசீரு உம்மா. என் பேரே எனக்கு மறந்து போச்சு" என்றாள் ருமைசா. வருத்தமாகச் சொல்லவில்லை. கடைக்காரனிடம் நியாயம் கேட்கிற குரலில் சொன்னாள்.

வாங்கிய பேரை மாற்ற முடியாது. ஜன்னத் உள்ளே போய் உதவிப் பக்கத்தை மறுபடி படித்தாள். வழக்கமாக முகவரிக்கு முன்னால் மூன்று டபிள்யூவும் ஒரு புள்ளியும் வரும். அந்த டபிள்யூதான் வேண்டும் என்று கட்டாயமில்லை, அங்கே எந்தச் சொல்லையும் வைக்கலாம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்ததும் மறுபடி படிக்கு ஓடிப் போனை வாங்கினாள்.

"மச்சான், அந்த மூணு டபிள்யூவை எடுத்துட்டு மாமி பேரைப் போடுங்க. ருமைசா, புள்ளி, அப்புறம் என் பேரு."

நசீர், "உம்மாகிட்ட போனைக் குடு" என்றான். என்ன சொன்னானோ, ருமைசா "போடா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் எழுதியாகிவிட்டது என்றதும் ஜன்னத் தன் பக்கத்திலும் பேரைப் போட்டுச் சேமித்தாள். திறந்து பார்த்தாள். பக்கம் இல்லை என்று வந்தது.

"ரெண்டு நாள் ஆகும்மா. உலகம் பூரா போய்ச் சேரணும்ல" என்றார் சிங்காரவேலு.

"ஷார்ஜாவுக்கு ஏரோப்ளேன் நாலு மணி நேரத்துல போகுது" என்றாள் ருமைசா. "பேரு போறதுக்கு ரெண்டு நாளா?"

சனிக்கிழமை பக்கம் வரவில்லை என்று நசீர் போனில் சொன்னான். ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. அதைவிட மோசம், பழைய முகவரியும் வேலை செய்யவில்லை. பழைய முகவரியைத் தட்டினால் அது புதிதுக்கு அனுப்பியது. புதிதோ எங்கேயும் இல்லை. வாசிம் போன் போட்டு, "தங்கச்சி, நோன்பு வரப் போகுது, கஞ்சிப் பக்கத்தைக் காணோம்" என்று புலம்பினான். இருந்ததையும் கெடுத்துவிட்டோமே என்று ஜன்னத்துக்குச் சோறு இறங்கவில்லை. ருமைசா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் வந்து, "போயிடுச்சா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலையிலேயே இருவரும் பஸ் ஏறினார்கள். குன்னம் தாண்டும்போது, டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள்கூட இது இல்லை என்று ஜன்னத்துக்கு நினைவு வந்தது. மாமி அதைப் பற்றிக் கேட்கவேயில்லை.

நசீர் வேலைக்கு நடுவே அதே கடைக்கு வந்திருந்தான். "நீங்க எழுதினதை ஒவ்வொரு எழுத்தா எனக்குப் படிச்சுச் சொல்லுங்க" என்றாள் ஜன்னத், படியில் நின்றபடி. அவன் படித்தான். ஆர், யு, எம், டபுள் ஈ—

"டபுள் ஈயா? ஏ, ஐ-ல்ல வரணும்!"

"என் பாஸ்போர்ட்ல உம்மா பேரு அப்படித்தான் இருக்கு."

பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்ட் ருமைசாவை ருமீசா என்று எழுதியிருக்கிறான். நசீர் மூன்று வருஷமாக அதையே பார்த்துப் பார்த்து, அதுதான் சரி என்று இருந்துவிட்டான். இரண்டு முனையிலும் இரண்டு பேர்கள். பிறகு எப்படி முடிச்சு விழும்?

"பெத்தவ பேரை எழுதத் தெரியல" என்று ருமைசா போனைப் பிடுங்கித் திட்டினாள். "பேரு வாங்க வந்துட்டான்!"

அவன் திருத்தினான். ஜன்னத் உள்ளே போய் உட்கார்ந்தாள். கால் மணி, அரை மணி. டவுன் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. வெளியே ருமைசாவின் கையில் போன் அடித்தது.

"ஜன்னத்து! அவனுக்குத் தெறந்துடுச்சாம்!"

ஜன்னத் மறுபடி தட்டினாள். வெள்ளைத் திரை. மறுபடி தட்டினாள். மெல்ல மெல்ல மேலிருந்து கீழாகப் பக்கம் இறங்கியது. நோன்புக் கஞ்சி.

ருமைசா உள்ளே வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஜன்னத் முகவரியின் மேல் விரலை வைத்தாள். "இது நீங்க. இது புள்ளி. இதுக்கு அப்புறம் நான்."

"நான் முன்னாடியா?"

"நீங்கதான் முன்னாடி."

ருமைசா அந்த ஆங்கில எழுத்துகளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கீழே தமிழில் இருந்ததைப் படிக்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்தை அவள் படிப்பது அதுதான் முதல் தடவை. பாதியில் நிமிர்ந்தாள்.

"ஏம்மா, வெந்தயம் அரை ஸ்பூனா? நான் எப்ப அப்படிச் சொன்னேன்? எம்பேரு இருக்குல்ல, ஒரு ஸ்பூன்னு மாத்து மொதல்ல."

ஜன்னத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மாற்றத் தொடங்கினாள்.