மீசையளவு வெயில்

முகம் என்று ஒன்று இருப்பதே மீசையைத் தாங்கத்தான் என்பது போல இருப்பார் மீசைக்காரர். லிஃப்ட் மெக்கானிக். அந்த மீசை ஆசைக்கு வைத்ததில்லை, பயத்தில் வைத்தது. அவரும் அவருடைய அக்காவும் அச்சில் வார்த்தது போல ஒரே ஜாடை. பதினெட்டு வயதில் பஸ் ஸ்டாப்பில் அக்காவின் சிநேகிதி ஒருத்தி அவர் பக்கத்தில் வந்து நின்று, தன் மாமியாரைப் பற்றி அரைமணி நேரம் புலம்பிவிட்டு, "வரேன்டி" என்று சொல்லிப் போனாள். அன்றைக்கு வளர்க்க ஆரம்பித்த மீசை. கட்டிய மனைவிகூட அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மீசையைத்தான் மனுஷன் சோலார் பந்தயத்தில் கொண்டுபோய் வைத்தார்.

எதிராளி வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். எதிர்வரிசையில் வீடு, மருந்துக்கடை வைத்திருக்கிறார், அவருக்கும் மீசை உண்டு. இரண்டு வீட்டு மாடியிலும் ஒரே நாளில் ஒரே மாதிரி சோலார் பலகை ஏற்றினார்கள். அன்றிலிருந்து இரண்டு பேரும் செல்போனை நீட்டி நீட்டி "எங்க மாடியில இன்னைக்கு இவ்ளோ" என்று பீற்றிக்கொள்வதுதான் வேலை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான மனைவிக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"மேல எவ்ளோ விளைஞ்சா என்ன? பாதிக்குமேல தெருக்கம்பிக்கு ஓடுது. சொந்த வெயில்ல யார் வீட்ல அதிகம் வேலை நடந்துச்சு? அதைச் சொல்லுங்க."

அவ்வளவுதான். வரும் ஞாயிறு, காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, எந்த வீடு தன் வெயிலை அதிகம் பயன்படுத்துகிறதோ அது ஜெயித்ததாகக் கணக்கு. தோற்றவர் மீசையை எடுக்க வேண்டும். நடுவர் டீச்சர். விதி மூன்று போட்டாள். வெளிக்கரண்ட் ஒரு துளி வந்தாலும் தோல்வி. எண்ணிக்கை சமமானால் வயதில் மூத்த அண்ணனுக்கே வெற்றி. மூன்றாவதுதான் வில்லங்கம்: ஓடுகிற எந்தச் சாமானும் நிஜமான வேலை செய்ய வேண்டும், சும்மா சுற்றினால் செல்லாது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே மீசைக்காரருக்கு மூன்றாவது விதியின் கனம் புரிந்தது. ஹாலில் ஃபேனைப் போட்டார்.

"கீழ யாரு இருக்கா?" என்றாள் டீச்சர்.

யாருமில்லை. ஃபேனை அணைத்துவிட்டு ஆள் தேடப் புறப்பட்டார். பக்கத்து வீட்டு ரிடையர்டு தபால்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்து ஃபேனுக்குக் கீழே படுக்க வைத்தார். அவருக்கு வியர்க்கவில்லை என்று டீச்சர் ஆட்சேபித்ததால், பாவம், மாடிப்படியில் மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டு வந்து படுத்தார்.

பத்து மணிக்கு வாஷிங் மெஷினுக்கு அழுக்குத் தீர்ந்துபோனது. மகள் தெருவில் வீடு வீடாகப் போய் அழுக்குத்துணி யாசித்தாள். "எங்கப்பா மீசைக்கு ஏதாவது போடுங்க" என்று கேட்டதும் யாருக்கும் மறுக்க மனசு வரவில்லை. போர்வையிலிருந்து சோபா உறை வரைக்கும் வந்து குவிந்தது. ஒரு பக்கம் துவைப்பு, ஒரு பக்கம் இஸ்திரி, சமையலறையில் யார் யார் வீட்டு மிளகாயோ அரைபட்டு வீடே தும்மியது. ஓர் அம்மா நன்றாக இஸ்திரி போட்ட சட்டையைக் கசக்கிக் கொண்டுவந்தார். டீச்சர் மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். "இது நேத்து போட்ட இஸ்திரி. காப்பி அடிக்கிற பையனைக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சவ நான், என்கிட்டயேவா?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். கட்டின புருஷனின் மீசைக்குக்கூட அரை மார்க் கூடுதலாகப் போடாத நேர்மை. மீசைக்காரருக்கு அழுகையே வந்தது.

மதியம் ஒரு மேகம் வந்தது. "அப்பா, மேகம்!" என்று மகள் மாடியிலிருந்து கத்த, ஒருவர் இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்க, ஒருவர் மிக்ஸியை அணைக்க, வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மேகம் போனதும் திரும்பவும் ஆரம்பித்தார்கள்.

ஐந்து மணிக்குத் தெரு கலைந்து போனது. வெயில் இளைக்க இளைக்க ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டியிருந்தது. இஸ்திரி, மெஷின், ஃப்ரிட்ஜ், கடைசியில் தபால்காரரின் ஃபேனும் நின்றது. அவர் எழுந்து, ஜன்மத்தில் இப்படித் தூங்கினதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தரைக்கு எதிர்வீட்டிலிருந்து மெசேஜ் வந்தது. அங்கே பலகைமேல் நிழல் விழுந்தாகிவிட்டது. கடைசிக் கணக்கு பதினாலு புள்ளி ஆறு இரண்டு யூனிட். கூடவே ஒரு கத்தரிக்கோல் படம்.

மகள் தங்கள் கணக்கைப் பார்த்தாள். பதினாலு புள்ளி ஆறு இரண்டு.

"சமம்," என்றாள் டீச்சர். "சமம்னா அண்ணன்."

கடைசி எண் இன்னும் ஒன்றே ஒன்று ஏற வேண்டும். மாடியில் மிச்சமிருந்ததோ பத்து வாட் வெயில். ஃபேன் போட்டால் வெளிக்கரண்ட் வந்துவிடும். செல்போன்களில் சார்ஜ் நிரம்பி வழிந்தது. விளக்குப் போடலாமென்றால், "பட்டப்பகல்ல விளக்கு என்ன வேலை செய்யுது?" என்றாள் நடுவர். மீசைக்காரர் அலமாரியைக் குடைந்தார். வயர் வைத்த பழைய ட்ரிம்மர் கிடைத்தது. எட்டு வாட்.

"முடி வெட்டினா வேலைதானே?"

"வேலைதான். ஆனா வெறும் காத்துல ஓடக்கூடாது."

முதலில் இரண்டுநாள் தாடி போனது. பிறகு தலைமுடி. தலையைத் துண்டால் முக்காடு போட்டு மூடிக்கொண்டு கையிலிருந்த முடியை எடுத்தார், நெஞ்சில் இருந்ததை எடுத்தார். எண் அசையவில்லை.

"அப்பா, ஆறு நிமிஷம்தான் இருக்கு!"

ட்ரிம்மர் உறுமிக்கொண்டு நின்றது. வெட்ட உடம்பில் வேறு முடி இல்லை. எடுக்காவிட்டால் தோல்வி, தோற்றால் எப்படியும் எடுக்க வேண்டும். மீசைக்காரர் முப்பது வருடப் பயத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். தடித்த மீசை, ட்ரிம்மர் திணறித் திணறி இழுத்தது. இடது பக்கம் போனது. வலது பக்கத்தின் கடைசி நுனியில் மகள் அலறினாள்.

"மூணு! பதினாலு புள்ளி ஆறு மூணு! ஜெயிச்சிட்டோம்ப்பா!" திரும்பியவள் அப்படியே நின்றாள். "ஐயோ, அத்தை!"

டீச்சர் கிட்டே வந்தாள். கணவரின் மேலுதட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "நல்லாத்தாங்க இருக்கு," என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவருக்குப் போட்ட முதல் கூடுதல் மார்க் அது.

சரியாக ஆறுக்குக் கதவு திறந்தது. மச்சான் மீசையை நீவிக்கொண்டே உள்ளே வந்தவர், முக்காட்டைப் பார்த்ததும் சட்டென்று பணிவாகிக் கும்பிட்டார்.

"வாங்கக்கா! எப்ப வந்தீங்க? உங்க தம்பி எங்க போய் ஒளிஞ்சிட்டாரு?"

மீசைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு செல்போனை நீட்டினார். மச்சான் எண்ணைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். ஆனாலும் மனுஷன் வாக்குத் தவறாதவர். நாற்காலியில் உட்கார்ந்து, ட்ரிம்மருக்காகக் கையை நீட்டினார்.

டீச்சர் பிளக்கைப் பிடுங்கினாள்.

"இப்ப முடியாதுண்ணா. வெயில் போயிடுச்சு. வெளிக்கரண்ட்ல எடுத்தா செல்லாது. காலைல வா."

மச்சான் எழுந்து, மீசையை இன்னொரு தடவை நன்றாக முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஜெயித்தவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல்வரை போய் அவரை வழியனுப்பினார்.