எம்.சி. எடுக்காத சாஹித்

இரவு ஷிப்ட் முடித்து வருகிற மனிதனிடம் காலை எட்டரை மணிக்கு நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தேத்தண்ணிக்குச் சீனி போடவா, வேண்டாமா? பீட்டர் அதைக் கேட்க மாட்டான். டென்னிஸ்காரன் பெரியவனா, பேஸ்பால்காரன் பெரியவனா என்று கேட்பான்.

"மூணு நாளுடா. ஒரே ஆட்டம். பதினோரு மணி நேரத்துக்கு மேல மாத்தி மாத்தி அடிச்சிருக்கானுங்க. ஸ்கோர் போர்டே தாங்காம நின்னு போச்சு."

"அது ஒரு தடவை," என்றான் சாஹித். "ஒரு தடவைன்னா யாரு வேணா உயிரைக் கொடுக்கலாம். என் ஆளு பதினாறு வருஷம். ஒரு மேட்ச் விடல."

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இருந்தது சிக்கந்தர் அண்ணனின் நாசி கண்டார் சோற்றுக்கடை. பாயான் லெப்பாஸிலிருந்து தொழிற்சாலை பஸ் இருவரையும் அந்தத் தெருமுனையில்தான் இறக்கிவிடும். வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டிய இரண்டு ஆண்கள், உலகத்திலேயே அதிகம் தாக்குப்பிடித்த விளையாட்டு வீரன் யார் என்று தீர்மானிக்காமல் படுப்பதில்லை என்று சபதம் எடுத்ததுபோல அங்கே உட்கார்ந்துவிடுவார்கள். சாஹித்துக்கு இரண்டு நாற்காலி வேண்டும். ஒன்று உட்கார, இன்னொன்று வலது காலை நீட்டி வைக்க.

"பேஸ்பால்ல என்ன தம்பி கஷ்டம்?" சிக்கந்தர் கோழியை வெட்டிக்கொண்டே குரல் கொடுத்தார். "பாதி நேரம் சும்மா நிக்கிறான், மீதி நேரம் உக்காந்து குவாச்சி விதை கொறிக்கிறான். கிரிக்கெட்ல ஒருத்தன் பதினாறு மணி நேரம் பேட்டை விடாம நின்னான். நானே கடையில பதினாலுதான் நிக்கிறேன்."

"அப்போ நீங்க ரிசர்வ் பிளேயர் அண்ணே," என்றான் பீட்டர்.

பீட்டர் தொழிற்சாலை மனிதவளப் பிரிவில் கிளார்க். இரவு ஷிப்டுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரே கிளார்க் என்பதால், படிப்பதற்கும் நேரம் இருந்தது, படித்ததைப் பிறர் தலையில் கட்டுவதற்கும் நேரம் இருந்தது. தெருவில் வெள்ளிப் பணத்தை இந்திய ரூபாயாக மாற்றிக் கொடுப்பவர்களைப்போல அவன் ஒரு விளையாட்டை இன்னொன்றாக மாற்றுவான். ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டம் மூன்று பேஸ்பாலுக்குச் சமம். ஒரு சைக்கிள் பந்தயம் முப்பது கூடைப்பந்துக்குச் சமம். இந்த விகிதங்கள் தினமும் மாறும். ஏன் மாறின என்று கேட்டால் சந்தை நிலவரம் என்பான்.

சாஹித் பேஸ்பாலை ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. விதிகள் தெரியாது. ஆனாலும் பதினாறு வருடம் விடாமல் ஆடிய அந்த அமெரிக்கனை அவன் விட்டுக்கொடுக்க மாட்டான். காரணம், அவனுடைய கணக்கு பதினெட்டு. பதினெட்டு வருடமாக சாஹித் எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு எடுத்ததில்லை. காய்ச்சல் வந்தால் ஓய்வு நாளில் வரும்படி பார்த்துக்கொண்டான். வயிற்றுப்போக்கோடு போய் இயந்திரத்துக்கும் கழிவறைக்கும் நடுவில் ஒரு முழு ஷிப்டை முடித்திருக்கிறான். அதை ஒரு விளையாட்டாக அறிவித்திருந்தால் பதக்கமே கிடைத்திருக்கும். அவனிடம் வேலை பழகிய லோகேஸ்வரி இன்று செக்‌ஷன் லீடர். அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கெல்லாம் மேசை, நாற்காலி, பெயர்ப்பலகை. சாஹித்துக்கு இருந்தது கேண்டீன் வழியில் மாட்டியிருந்த வருகை விருதுப் பலகையும், அதில் வெயில் பட்டு வெளுத்துப்போன தன் படமும்தான். அந்தப் பலகையின் உச்சியில் ரமணி என்ற பெயர், இருபது வருடம். இன்னும் இரண்டே வருடம்.

விருதுக்கு ஹாம்பர் என்ற பரிசுக்கூடை கொடுப்பார்கள். முன்பெல்லாம் ஆண்டு விருந்தில் மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். செலவைக் குறைக்கிறோம் என்று விருந்தை நிறுத்திய பிறகு, இரண்டு வருடமாக பீட்டர்தான் கொண்டுவந்து கொடுத்தான். கடைசியாக வந்ததில் ஒரு பிளெண்டர் இருந்தது. சுற்றியிருந்த தாளில் நட்சத்திரமும் மணியும் அச்சாகியிருந்தன. அவன் மனைவி காமாரியா தாளைக் கிழிக்காமல் பிரித்து, பிஸ்கெட் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் ஹலால் முத்திரை பாத்து வாங்கியிருக்காங்க. கம்பெனிக்கு எப்போ இவ்வளவு அக்கறை வந்துச்சு?" என்றாள்.

இன்று காலை பஸ்ஸில் வரும்போது அரசாங்க மருத்துவமனையிலிருந்து தாதி அழைத்தாள். செவ்வாய்க்கிழமை சேர வேண்டும், புதன்கிழமை முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சை, ஆறு வாரம் எம்.சி. ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப்போட்டாயிற்று. பகல் பன்னிரண்டுக்குள் உறுதி சொல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும், சாஹித் வரிசையின் கடைசிக்குப் போவான், அடுத்த வருடம் பார்க்கலாம். அடுத்த வருடத்துக்குள் தைப்பதற்கு ஜவ்வே மிஞ்சாது என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார்.

"இதைக் கேளு," பீட்டர் குனிந்தான். "ஐஸ் ஹாக்கியில ஒருத்தன். வருஷக் கணக்கா ஒரு மேட்ச் விடாதவன். அன்னைக்குப் பாத்து பொண்டாட்டிக்குப் பிரசவ நேரம். என்ன பண்ணான் தெரியுமா? அரை நிமிஷம். பனியில இறங்கி அரை நிமிஷம் சறுக்கினான், வெளியே வந்தான், ஏர்போர்ட்டுக்கு ஓடினான். கணக்கு உடையல."

"அது செல்லாது," என்றார் சிக்கந்தர். "அது ஏமாத்து வேலை."

சாஹித் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். தூக்கம் ஏறிய மூளைக்கு இப்படித்தான் சில சமயம் திடீரென்று விளக்கு எரியும்.

"ஏன் செல்லாது? வந்தானா? வந்தான். தலையைக் காட்டினானா? காட்டினான். அவ்வளவுதானே வேணும்?"

செவ்வாய், புதன் இரண்டும் அவனுக்கு ஓய்வு நாள். வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடுவே வியாழனுக்கு மட்டும் ஆண்டு விடுப்பு, அது எம்.சி. ஆகாது. வெள்ளி இரவு ஊன்றுகோலோடு போய், கட்டை விரலை வருகைப் பதிவு இயந்திரத்தில் வைத்துவிட்டு, தான் சோதனை பார்க்கும் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்துகொண்டால் முடிந்தது. விரலுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்? ஆறு வாரமும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று பீட்டரிடம் விளக்கினான்.

"சாஹித், வேணாம்," என்றான் பீட்டர். குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

சாஹித் அதற்குள் லோகேஸ்வரியை அழைத்துவிட்டான். வலது கையெல்லாம் குழம்பு. அதனால் ஃபோனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினான். திட்டத்தைச் சொன்னான். லோகேஸ்வரி முழுக்கக் கேட்டாள். அவள் எப்போதும் முழுக்கக் கேட்பாள். அதனால்தான் அவள் லீடர்.

"அண்ணே, எம்.சி.ல இருக்கற ஆளு கேட்டுக்குள்ளேயே வரக்கூடாது. விழுந்துட்டா இன்சூரன்ஸ் கிடையாது. செக்யூரிட்டி கார்டே உங்களைத் திருப்பி அனுப்பிடுவாரு."

"அப்போ அவார்டு போயிடுமே, லோகா."



"எந்த அவார்டு? அதை நிறுத்திட்டாங்களேண்ணே. விருந்தை நிறுத்துன அன்னைக்கே அதையும் நிறுத்தியாச்சு. பலகையைக் கழட்ட ஆள் வரலை, அதான் தொங்குது. பீட்டர் அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா?"

சாஹித் ஃபோனை அணைத்தான். திரையில் மஞ்சள் விரல்தடம் விழுந்தது. சிக்கந்தர் வெட்டிய கோழியையே மறுபடி வெட்டத் தொடங்கினார்.

இரண்டு வருடமாக இல்லாத ஒரு பந்தயத்தில் ஓடியிருக்கிறான். மைதானம் காலி, நடுவர் வீட்டுக்குப் போய்விட்டார், இவன் மட்டும் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு சுற்றி வந்திருக்கிறான். இதைவிட நீண்ட ஓட்டம் எந்த விளையாட்டிலாவது உண்டா என்று பீட்டரிடம்தான் கேட்க வேண்டும். பீட்டர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"ஹாம்பர்?"

"என் பொண்டாட்டி ரீத்தாதான் கட்டினா. எங்க வீட்டுல அந்தத் தாளுதான் இருந்துச்சு. கிறிஸ்மஸ் மிச்சம்."

"பிளெண்டர்?"

"மலிவு விற்பனைலடா. பெரிசா ஒண்ணுமில்ல."

"ஏன்டா?"

பீட்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மொதல் வருஷம் சொல்லத்தான் வந்தேன். இதே மேசை. நீ வாயெல்லாம் பல்லா வந்து உக்காந்து, இன்னும் நாலே வருஷம், ரமணியைப் பிடிச்சிருவேன்னு சொன்னே. உன் மூஞ்சியில அதைத் தவிர வேற சந்தோஷம் எதுவும் நான் பாத்ததில்ல. போய் ஹாம்பர் வாங்கினேன். ரெண்டாவது வருஷம், மொதல் வருஷம் வாங்கியாச்சேன்னு வாங்கினேன். இப்படி ஆஸ்பத்திரி வரைக்கும் வரும்னு நினைக்கலடா."

கோபப்படலாம் என்று சாஹித் நினைத்தான். அதற்கும் கொஞ்சம் உடம்பில் தெம்பு வேண்டும். எழுந்து போகலாம் என்றால் முழங்கால் விடாது. எனவே அங்கேயே இருந்து மிச்சச் சோற்றைத் தின்றான். ஒருவன் தனக்காக இரண்டு வருடம் கம்பெனியாக நடித்திருக்கிறான் என்ற நினைப்பு குழம்போடு சேர்ந்து மெதுவாக இறங்கியது. நிஜக் கம்பெனி ஒரு வருடமும் பிஸ்கெட் டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்கியதில்லை.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். பதினொன்று ஆகப்போகிறது.

"அந்த பேஸ்பால்காரன். பதினாறு வருஷத்துக்கு அப்புறம் எப்படி நின்னான்? காலை உடைச்சுக்கிட்டானா?"

"இல்ல. யாரும் நிறுத்தல. ஒருநாள் ஆட்டத்துக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட அவனே போய், இன்னைக்கு நான் ஆடலேன்னு சொன்னான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அப்புறமும் சில வருஷம் ஆடினான்."

சாஹித் மருத்துவமனைக்கு அழைத்து, செவ்வாய்க்கிழமை வருவதாக மலாயில் சொன்னான். தாதி அடையாள அட்டை எண்ணைச் சரிபார்த்துவிட்டு வைத்துவிட்டாள். கைதட்டல் எதுவும் கேட்கவில்லை. பிறகு காமாரியாவை அழைத்தான்.

"செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில சேரணும்."

"பையைப் போன வாரமே கட்டி வச்சுட்டேன்."

"காமாரியா, அந்த பிளெண்டரை யாரு வாங்கினான்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? என்ன கலர் வேணும்னு ரீத்தா அக்கா என்கிட்டதானே கேட்டாங்க. பச்சைன்னு சொன்னேன், கெடைக்கலையாம். சரி, சீக்கிரம் வந்து தூங்குங்க."

சாஹித் ஃபோனை வைத்தான். பீட்டர் எழுந்து, காலுக்குப் போட்டிருந்த நாற்காலியை மெல்ல நகர்த்திவிட்டு, தோளைக் கொடுத்தான்.

"ஆறு வாரம் நீ இல்லாம நான் யார்கூடடா பேசறது?" என்றான்.

"வீட்டுக்கு வா," என்றான் சாஹித், நொண்டியபடி. "வரும்போது பச்சைக் கலர்ல ஒண்ணு கெடைக்குதான்னு பாரு."