பாலோ சதுப்பில் பதினெட்டு மில்லி

மட்டக்கோலைத் தண்டவாளத்தின் மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டு தனலெட்சுமி அசையாமல் நின்றாள். நாற்பது அடி தள்ளி, முக்காலிக் கருவியில் கண் வைத்திருந்த சர்வேயர் கமலநாதன் தலையை நிமிர்த்தவே இல்லை. நான்கு வருடமாக அவனுக்குக் கோல் பிடிப்பவள் அவள். இவ்வளவு நேரம் குனிந்திருந்தான் என்றால் ஏதோ சரியில்லை.

"அக்கா, இன்னொரு தடவ வையுங்க."

வைத்தாள்.

"அலமாக்! தண்டவாளம் பதினெட்டு மில்லிமீட்டர் எறங்கிருச்சு."

பாலோ ஊரைத் தாண்டி, புது ரயில் பாதையின் இந்த அரை மைலும் சதுப்பு. இரண்டு வருடம் லாரி லாரியாகக் கொட்டிய மண்ணையும் கல்லையும் விழுங்கிய பிறகுதான் தண்டவாளத்துக்கான கரை நின்றது. நேற்றுப் பெய்த மழையில் ஓர் இடம் மறுபடி உட்கார்ந்துவிட்டது. முதல் சோதனை ரயில் குளுவாங்கிலிருந்து பத்தரைக்குக் கிளம்புகிறது. இப்போது மணி எட்டு.

கமலநாதன் வாக்கிடாக்கியில் பேசினான். கல் இறுக்கும் எந்திரம் லாயாங் லாயாங் ஊரில் இருந்தது. வந்து சேர மத்தியானமாகும்.

"இன்னிக்கு ரயில் வராதுக்கா. தள்ளிப் போட்ருவாங்க."

"ஏன் தள்ளணும்?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "எந்திரம் வர்றதுக்கு முன்னாடி கையாலதான கல்லு இடிச்சோம்? ஜாக்கி இருக்கு, ஆளு இருக்கு. தூக்கிரலாம் தம்பி!"

பக்கத்தில் நின்ற, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் தங்கராஜு கையுறையை மாட்டிக்கொண்டார். "அக்கா சொல்றது சரிதான் லா. டேய், எல்லாரும் வாங்கடா!"

பன்னிரண்டு பேர் ஓடிவந்தார்கள். பாதிப் பேர் வங்காளதேசத்துக்காரர்கள். ஜாக்கிகள் தண்டவாளத்தை மயிரிழை மயிரிழையாகத் தூக்க, அதைத் தாங்கும் கட்டைகளுக்கு அடியில் கல்லைத் தள்ளிக் கடப்பாரையால் இடித்தார்கள். தனலெட்சுமியும் ஒரு கடப்பாரையை எடுத்தாள். கமலநாதன் கூப்பிடும்போதெல்லாம் அதைப் போட்டுவிட்டுக் கோலோடு ஓடினாள்.

"இன்னும் ஆறு மில்லி இருக்கு! ... மூணு! ... போதும், போதும், நிறுத்துங்க!"

எஞ்சினியர் வந்து தானே அளந்து பார்த்தார். கட்டைவிரலை உயர்த்தினார்.

பத்தேமுக்காலுக்குத் தண்டவாளம் லேசாக முனகியது. வளைவில் ரயிலின் வெள்ளை முகம் தெரிந்ததும் யாரோ விசிலடித்தார்கள். தனலெட்சுமி ரயிலைப் பார்க்கவில்லை. தான் கல் இடித்த கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரத்துக்குப் பின் சக்கரம் ஏறி இறங்கியது. கரையோர வாய்க்காலில் தண்ணீர் நடுங்கியது. கட்டை அசையவில்லை.

"நிக்குது தம்பி! நிக்குது!"

தங்கராஜு ஹெல்மெட்டை வானத்தில் எறிந்தார். எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் கத்திக்கொண்டே இருந்தாள்.

நான்கு மணிக்கு வேலை முடிந்தது. வீட்டுக்குப் போக அவள் தினமும் தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில் இரண்டு பேர் கம்பிவேலியை முடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே குறுக்கப் போக முடியாதுக்கா. ரயில் ஓட ஆரம்பிச்சிருச்சுல்ல? பாலத்து வழியா போங்க."

பாலம் ஐந்து கிலோமீட்டரில் இருந்தது. அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

தண்டவாளத்துக்கு அப்பால், இன்னொரு வேலிக்குப் பின்னால், பழைய தோட்டத் தொழிலாளர் வீடுகளின் வரிசை. மகள் தேன்மொழி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் துணியோடு வேலிக்கு ஓடிவந்தாள்.

"அம்மா! ரயிலு போச்சும்மா! பாத்தேன்! எவ்ளோ அழகு!"

"நானும் பாத்தேன்டி!" கட்டிய தொண்டையோடு தனலெட்சுமி கத்தினாள். "சோத்துக்கு ஒலைய வச்சிரு, வந்துர்றேன்!"

சோற்றுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேலியை ஒட்டிப் பாலத்தை நோக்கி நடக்கத் தொடங்கினாள். தேன்மொழியும் அந்தப் பக்கத்து வேலியோரமாக, அம்மாவுக்கு நேராகவே, வீடுகள் முடியும் இடம் வரை நடந்து வந்தாள்.