ரணகள்ளி பூக்காத ஜன்னல்

1

ஒரு தொட்டிச் செடியின் மேல் வந்த எரிச்சலில் பிறந்த கதை இது. இதைவிட உயர்வான காரணம் சொல்ல ஆசைதான், இல்லை. பால்கனியில் ஒரு கலாஞ்சோ வைத்திருக்கிறேன். கொழுத்த இலை, நோய் நொடி கிடையாது, பூவும் கிடையாது. உரம் வைத்தேன், இடம் மாற்றினேன், ஒருநாள் திட்டியும் பார்த்தேன். நாற்றுப்பண்ணைக்காரரைக் கூப்பிட்டால், அவர் செடியை விட்டுவிட்டு எதிரே இருந்த தெருவிளக்கைப் பார்த்தார்.

"இதுக்கு ராத்திரின்னா நல்லா இருட்டா இருக்கணுங்க. பனிக்காலத்துல நீளமா இருட்டு கெடச்சாத்தான் மொட்டு வைக்கும். வெளக்கு பட்டுக்கினே இருந்தா இன்னும் பொழுது போகலன்னு நெனச்சிக்கும். சாயங்காலமானா ஒரு அட்டப்பெட்டியப் போட்டு மூடுங்க."

அவர் போன பிறகு நான் பெட்டி தேடவில்லை. ஜன்னலில் செடியும், செடிக்குப் பக்கத்தில் அணையாத விளக்கும் வைத்திருந்த ஒரு பெண் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டாள். எழுதி அனுப்பினால் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "தணிகை மலையின் மேல் கருமேகம் கவிந்திருந்த ஒரு மாலை" — வேண்டாம். மேகத்துக்கு வேறு வேலை இல்லையா?

இரண்டாவது: "உலக யுத்தம் மூண்டு" — இதுவும் வேண்டாம். யுத்தம் அவள் தெருவுக்கு ஒரு தமுக்குச் சத்தமாகத்தான் வந்தது. அஸ்ஸாம் காட்டில் பட்டாளத்துக்கு ரோடு போட ஆள் வேண்டுமாம்.

மூன்றாவது நிற்கும் போலிருக்கிறது. திருத்தணி ரயிலடி, நாற்பத்திரண்டாம் வருஷம்*. கூலிவேலை செய்து பிழைக்கும் துளசிங்கம் ரயில் ஏறப்போகிறான். வழியனுப்ப வந்தவள் அவன் மனைவி பாஞ்சாலி. அவன் காலில் இருந்த புண்ணுக்கு ரணகள்ளி இலையை வதக்கி வதக்கிக் கட்டி ஆற்றியவள் அவள்தான். மிச்சமிருந்த ஓர் இலையை அவன் மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறான்.

"இத மண்ணுல போட்டு வையி. பூக்கறப்போ வந்துடுவேன்."

"வெறும் எலை மொளைக்குமா?"

"ஆங்! கட்டிப்போட்டாலே குட்டி போடற சாதி இது."

(* அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. பாதிப் பேச்சு தெலுங்கு. பாஞ்சாலி தன் கணவனின் அண்ணனைப் பாவா என்று கூப்பிடுவாள். அவர் நாலாவது பகுதியில் வருகிறார். என் கலாஞ்சோவும் அவளுடைய ரணகள்ளியும் ஒரே குடும்பம்.)

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். முதல் வரைவிலேயே துளசிங்கத்தை நான் கொன்றுவிட்டேன். மழைக்காலம், மண்சரிவு, ஒரே வரி. பாஞ்சாலிக்கு அது தெரியாது. தகவலும் வரவில்லை, கடிதம் மட்டும் நின்றுபோனது.

3

இலையின் ஓரத்துப் பள்ளங்களில் குட்டிச் செடிகள் எழுந்தன. பெரியதாக ஒன்றைக் கிள்ளி உடைந்த பானையில் வைத்தாள். ஆசை மிகுந்து தினமும் தண்ணீர் ஊற்ற, தண்டு அடியில் அழுகிச் சரிந்தது. அன்று சாப்பிடாமல் கிடந்தாள். மறுநாள் நந்தி ஆற்று மணலும் ஓட்டுச் சில்லும் கலந்து இன்னொரு குட்டியை நட்டாள். விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்தால்தான் தண்ணீர் என்று தன்னையே கட்டுப்படுத்திக்கொண்டாள். வெளிச்சம் தேடிச் செடி ஒரு பக்கமாக நெட்டையாகச் சாய்ந்தது. ஜன்னலுக்கு மாற்றி, நுனியைக் கிள்ளிவிட்டு, பானையை அவ்வப்போது திருப்பி வைத்தாள். வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியது. வேப்பெண்ணெய் தொட்ட துணியால் இலை இலையாகத் துடைத்தாள்.

எல்லாவற்றுக்கும் மருந்து கண்டுபிடித்தவள் பூவுக்கு மட்டும் கண்டுபிடிக்கவில்லை. ரயிலடியிலிருந்து வரும் பாதை அந்த ஜன்னலுக்கு நேரே. அவன் எந்த ரயிலில் இறங்கினாலும் வீடு தெரிய வேண்டுமே என்று, பொழுது சாய்ந்தால் அங்கே விளக்கு. விடியும்வரை விளக்கு. பானைக்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

ஒரு தை போனது, மொட்டு இல்லை. இன்னொரு தையும் போனது. வேலியோரத்தில் யாரும் பார்க்காத ரணகள்ளியெல்லாம் பூவைச் சரம் சரமாகத் தொங்கவிட்டது. நான்தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று பாஞ்சாலி நினைத்தாள்.

4

துளசிங்கத்தின் அண்ணன் வேதாசலத்தை வில்லனாக்கத்தான் திட்டம். ஒரு மீசைகூடக் கொடுத்தேன். "அவளைத் துரத்திவிட்டு வீட்டைப் பிடுங்க" என்று எழுதும்போதே மனுஷன் வாசற்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அந்த வரியை அடித்துவிட்டேன். அழுகிறவரிடம் என்ன வில்லத்தனம் வேண்டிக்கிடக்கிறது?

"கனவுல வரான்மா. பசிக்குது அண்ணான்றான். புல்லுல ஒரு உருவம் கட்டி எரிச்சி, ஆத்தங்கரையில கருமாதி பண்ணிட்டா அவன் வவுறாவது ஆறும்."

"உயிரோட இருக்கறவருக்கு இன்னா பாவா கருமாதி?"

"அவன் இருந்தா ஒரு காயிதம் போட மாட்டானா?"

பாஞ்சாலி தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். அதைக் கழற்றுவது அவனைத் தன் கையாலேயே கொல்வது என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியில் அவள்தான் கெடு சொன்னாள்.

"வர்ற தைக் கிருத்திக வரைக்கும் பொறுத்துக்கோ பாவா. அதுக்குள்ள பூத்துதுன்னா அவரு இருக்காரு. பூக்கலன்னா உன் இஷ்டம்."

வேதாசலம் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். இதை எழுதிவிட்டு நான் பேனாவை வைத்துவிட்டேன். பூக்கும் பூக்கும் என்று விளக்கேற்றுகிறாள். அந்த விளக்குதான் பூக்கவிடாமல் செய்கிறது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், நான் அந்த ஊரில் இல்லை.

5

சும்மா இருக்கவில்லை, விளக்கை அணைக்கப் பார்த்தேன். மண்ணெண்ணெயை ரேஷனாக்கினேன் (யுத்த காலம்தானே, பொருந்தும்). அவள் ஆற்றோரம் புங்கங்கொட்டை பொறுக்கி எண்ணெய் ஆட்டிக்கொண்டு வந்தாள். காற்றை அடிக்கவிட்டேன், உடைந்த சட்டியை மறைப்பாக வைத்தாள். அவளுக்குக் காய்ச்சல் வரவழைத்தேன்; பக்கத்து வீட்டு வரலட்சுமியைக் கூப்பிட்டு, "மறக்காம ஏத்திடுக்கா" என்றாள். ஒரு சித்தரை மலையிலிருந்து இறக்கி, செடியை மூடச் சொல்ல — சே, இல்லை. அவ்வளவு கீழே இறங்க மாட்டேன்.

6

வேறு முடிவுகள்:

அ. துளசிங்கம் ரயிலை விட்டு இறங்குகிறான். எழுதிப் பார்த்தேன். அவன் வாயைத் திறக்கவே இல்லை. புதைத்த கை என்னுடையது, அதற்குத் தெரியும்.

ஆ. விளக்கு எரிகிறது. பூ இல்லை. தைக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறும்போது ஆற்றங்கரையில் புல் எரிகிறது. வேதாசலத்தின் கனவில் தம்பி வருவது நிற்கிறது. வளையல் இல்லாத கையோடு பாஞ்சாலி அழுது, அழுது, ஒருநாள் நாற்று நடப் போகிறாள்.

இ. விளக்கு அணைகிறது. செடி பூக்கிறது. "பூத்துடுச்சி பாவா!" என்று அவள் தெருவில் ஓடுகிறாள். வேதாசலமும் நம்பிவிடுகிறார், அதுதான் கொடுமை. இரண்டு பேரும் சாயங்காலம் சாயங்காலம் ரயிலடிக்குப் போகிறார்கள். யுத்தம் முடிகிறது, சுதந்திரம் வருகிறது, அவர்கள் தலை நரைக்கிறது, இன்னும் போகிறார்கள்.

எனக்கு 'ஆ' நியாயமாகப் படுகிறது. மனசு 'இ'யில் கிடக்கிறது. அந்த ஓட்டம் ஒன்றையாவது அவளுக்குக் கொடுக்கக்கூடாதா?

7

ஐப்பசி பிறந்துவிட்டது. தைக்குள் பூக்க வேண்டுமானால் இனி இருட்டு வேண்டும். என்னால் முடியவில்லை, வாசிக்கிற உங்களிடம் விடுகிறேன். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. ஊதுவதானால் ஊதுங்கள். அவன் இல்லை என்பது தெரிந்தே ஊத வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பாஞ்சாலி எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறாள். திரியைத் தூண்டுகிறாள். இலையைத் தொட்டுப் பார்க்கிறாள், சில்லென்று இருக்கிறது.

"குளுருதா? அதான் பூக்க மாட்டேன்றியா?" என்கிறாள்.

விளக்கைச் செடிக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தி வைக்கிறாள்.