பிளாஸ்கில் வைத்த இரண்டு குப்பி

பத்மாவதி மாட்டின் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிருக வைத்தியர் சோமசேகரம் தோள்மூட்டு வரை கையை மாட்டின் பின்புறத்துக்குள் விட்டு, கண்ணை மூடியபடி தடவிக்கொண்டிருந்தார். கையுறைகள் முடிந்து மாதக்கணக்காகிவிட்டது, தேங்காயெண்ணெய் பூசியிருந்தார்.

"திரும்பவும் வந்திட்டுது அக்கா. இடப்பக்கச் சூலகத்திலை நீர்க்கட்டி. முட்டையளவு கிடக்கு."

"போன மாசம் நசிச்சு உடைச்சனீங்கள்தானே?"

"ஓம். கையாலை உடைச்சா உப்பிடித்தான். ஓமோன் ஊசி போடவேணும். அரசாங்கம் தடை போட்டாப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு மருந்து ஒண்டும் வாறேல்லை."

மாடு கன்று போட்டு ஒன்றரை வருடமாகிவிட்டது. பால் வற்றிப்போயிற்று. கிழமைக்கு இரண்டு தரம் காளை தேடிக் கத்தும், சினைப்படாது. இணுவிலில் அந்த வளவில் பத்மாவதியைத் தவிர வேறு ஆளில்லை. கணவர் இறந்துவிட்டார். மகளின் கடிதம் கனடாவிலிருந்து வந்து ஏழு மாதம். மருதனார்மடத்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குப் பால் ஊற்றிய காலத்தில் நாலு பேரோடு கதைக்கவாவது முடிந்தது. இப்போது மாடு கத்தினால் "என்னடி, என்ன" என்று கேட்பாள். வேறு கதையில்லை.

மாட்டுத் தரகன் ஏரம்பு இரண்டு முறை வந்து மாட்டைக் கேட்டுவிட்டான். இறைச்சிக்குத்தான்.

பக்கத்து வளவுக் குணலட்சுமியிடம் மாட்டை ஒப்படைத்துவிட்டு, வைத்தியரின் கடிதத்தோடு பத்மாவதி அரசாங்கப் பகுதியிலிருந்த வவுனியாவுக்குப் போனாள். மருந்துக்கடையில் இரண்டு குப்பி கிடைத்தது. சூடு பட்டால் பழுதாகிவிடும் என்று பிளாஸ்கில் ஐஸ் நிரப்பி நடுவில் வைத்துத் தந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் தடைப் பட்டியலில் விரலை ஓட்டினான்.

"மருந்து போக ஏலாது."

"மாட்டுக்கு, ஐயா. டொக்டர் எழுதித் தந்தவர்."

அவன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தான். தமிழில் இருந்தது, அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. குப்பிகளை எடுத்து வெயில் விழுந்த மேசையில், பறித்து வைத்த டோர்ச் பற்றரிகளுக்கும் சவர்க்காரக் கட்டிகளுக்கும் பக்கத்தில் வைத்தான். பிறகு பிளாஸ்கின் மூடியைக் கவனமாகத் திருகி அவளிடம் நீட்டினான்.

"ஐஸ் பரவாயில்லை. கொண்டு போ."

பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். அவள் நடந்தாள். கிளாலியில் கடனீரேரியைக் கடக்க வள்ளம் ஏறியபோதும் பிளாஸ்கைக் கையிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் காலை வீட்டுப் படலையில் ஏரம்புவின் சைக்கிள் சாத்திக் கிடந்தது.

"மருந்து கிடைச்சதோ அக்கா?"

"கிடைச்சது. பறிச்சுப் போட்டாங்கள்."

அவன் மாட்டின் விலாவைத் தடவிப் பார்த்தான். "புண்ணாக்கும் இல்லை, வைக்கலும் இல்லை. இன்னும் எத்தினை நாளைக்கு உந்த மாட்டை வைச்சிருக்கப் போறியள்?"

"தண்ணி குடிக்கட்டும். பிறகு அவிழ்."

அவள் கிணற்றடிக்குப் போகவில்லை. பிளாஸ்கைத் திறந்து வாளியில் கவிழ்த்தாள். தண்ணீரோடு விரல் நுனியளவு ஐஸ் துண்டு இரண்டு விழுந்து மிதந்தன. மாடு வாயை வைத்தது, குளிரில் ஒருமுறை பின்வாங்கியது, பிறகு ஒரே மூச்சில் குடித்தது.

ஏரம்பு கட்டையிலிருந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.