வேப்பிலைக் கயிற்றுக்கு வெளியே

கியர் சைக்கிள் ஓட்டுகிற பையன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், கண்ணுங்களா. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கள்ளக்குறிச்சியிலிருந்து கூட்டமாகக் கிளம்பி, ஹெல்மெட்டும் கையுறையுமாகக் கல்வராயன் மலை ஏறுவார்கள். மேலே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, எங்கேயாவது நாலு இட்லி தின்றுவிட்டு இறங்கிவிடுவார்கள். ஜெயப்பிரகாஷும் அவர்களில் ஒருத்தன்தான். ஆனால் அந்த ஆடிச் செவ்வாய்க்கிழமை அவன் மலை ஏறியது போட்டோவுக்கு இல்லை.

அன்று காலையில் அவன் அக்கா ஷாலினியின் மகள் செத்துப்போயிருந்தாள். நாலு வயசு. பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டுப் பழகி, வைத்த பேரை வீட்டில் யாரும் சொன்னதே கிடையாது. வெறும் ஜுரம் என்றுதான் நினைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அப்பன் பச்சமுத்து ஊரில் இல்லை. மலைமேல் அவன் பிறந்த எருக்கம்மேட்டில் அம்மன் திருவிழா. இந்த வருஷம் கரகம் எடுக்கும் முறை அவன் வீட்டுக்கு. வெள்ளிக்கிழமையே போய்க் கையில் காப்பு கட்டிக்கொண்டான். காப்பு கட்டினவன் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்ட மாட்டான். சாவு வீட்டில் கால் வைக்க மாட்டான். சாவுச் சேதிகூட அந்த ஊருக்குள் போகக் கூடாது. பாப்பாவுக்கு உடம்பு சுடுகிறதே, அவசரத்துக்கு வேண்டுமென்று அவன் தன் போனையும் ஷாலினியிடமே விட்டுவிட்டுப் போயிருந்தான். அந்த மேட்டில் டவர் எடுக்கவும் எடுக்காது.

"சின்ன உசுரு. பொழுது சாயறதுக்குள்ள மண்ணுல வெச்சிடணும்" என்றார் பெரியப்பா தங்கதுரை. அந்தத் தெருவில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்படிதான்.

ஷாலினி சுவரில் சாய்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். "அவரு வந்து அது மூஞ்சியப் பாக்கணும். பாக்காம எடுக்காதீங்க" என்றாள்.

"காப்பு கட்டினவன் எங்கம்மா வருவான்?"

"வருவாரு."

ஜெயப்பிரகாஷ் சைக்கிளை வெளியே எடுத்தான். "நான் போய் இட்டாரேன் பெரியப்பா. பொழுது சாயறவரைக்கும் இருங்க."

"பஸ்சே ஓடல. பாறை சரிஞ்சி ரோடு அடைச்சிக்கிட்டு கெடக்குது. பைக்கக்கூட வுட மாட்டேங்கறான்."

"காட்டுத் தடத்துல போறேன். வழியில ஓடை இருக்குது. பைக்க ஓடையில எறக்க முடியாது. சைக்கிள்னா தோள்ல தூக்கிக்குவேன்."

பெரியப்பா அவனை ஒரு மாதிரி பார்த்தார். "சரி, போ. இருக்கறோம்" என்றார்.

கோமுகி அணைக்கரையைத் தாண்டினதும் தார் ரோட்டை விட்டான். காட்டுக்குள் மாட்டு வண்டி போன பழைய தடம். மழையில் மண் அரித்துப்போய், வேரும் கல்லும் எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு கிடந்தன. சின்ன கியரில் போட்டு மிதித்தான். சக்கரம் வழுக்க வழுக்க இறங்கித் தள்ளினான். ஓடையில் தண்ணீர் இடுப்புவரை வந்தது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பாறை பாறையாகக் கால் வைத்துக் கடந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே ஓடையில் சிரித்துக்கொண்டு விழுந்து எழுந்திருக்கிறான். அன்றைக்கு முட்டியில் ரத்தம் வந்தது அவனுக்குத் தெரியவேயில்லை.

அழவும் இல்லை. ஏற்றத்தில் அழுதால் மூச்சு போதாது, சாமிகளா.

காடு முடிந்து புல்லுமேடு வந்தது. மரமே இல்லாத மொட்டை மேடு. ஆடிக் காற்று இடுப்பளவு புல்லைப் படுக்கப் போட்டு உழுதுகொண்டிருந்தது. சைக்கிளை நேராகப் பிடிக்க முடியவில்லை. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு என்கிற அம்மா அவனைப் பார்த்ததும் கையைத் தட்டிச் சிரித்தாள்.

"யோவ் தம்பி! இன்னாயா தலையில சொரக்குடுக்கைய கவுத்துக்கினு வர?"

"எருக்கம்மேடு இந்தத் தடம்தானக்கா?"

"எங்கூருதான். திருவிழாவுக்கா? போ போ, கூழு ஊத்திக்கினு இருக்காங்க. வவுறு முட்ட குடி. இப்பிடி ஈர்க்குச்சியா இருந்தா எவ உன்ன கட்டிக்குவா?" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர்க் கேனை நீட்டினாள்.

நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அவன் தீட்டுக்காரன். அவள் காப்பு கட்டின ஊர்க்காரி. வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

"ஐய! டவுன்காரருக்கு எங்க தண்ணி எறங்காதோ?"

அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று மிதித்தான்.

எருக்கம்மேட்டு எல்லையில் இரண்டு மூங்கிலை நட்டு வேப்பிலைக் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே பம்பைச் சத்தம். ஜெயப்பிரகாஷ் கயிற்றுக்கு இந்தப் பக்கமே ஒரு காலை ஊன்றி நின்றான். வழியெல்லாம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தவனுக்கு அங்கே வந்ததும் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை.

கயிற்றோரம் காவல் உட்கார்ந்திருந்தவர் ஊர்ப்பெரியவர் பிச்சைமுத்து. அவர் அவன் முகத்தைப் பார்த்தார். வந்தவன் உள்ளே வராமல் நிற்பதைப் பார்த்தார்.

"வாயால சொல்லாத தம்பி. ஊரு காப்பு கட்டிக்கினு இருக்குது. யாரு வூட்டுக்குன்னு மட்டும் சொல்லு."

"பச்சமுத்து வூட்டுக்கு."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் பச்சமுத்துவே பார்த்துவிட்டான். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய குங்குமம், கையில் மஞ்சள் காப்பு. வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தான்.

"டேய் மச்சான்! பஸ்சு இல்லன்னா சைக்கிள்லயேவா? கில்லாடிடா நீ! பாப்பாவ முன்னாடி கம்பியில குந்த வெச்சி இட்டாந்திருக்கலாம் இல்ல? கரகம் பாக்கணும்னு துள்ளிக்கினு இருந்திச்சே."

ஜெயப்பிரகாஷ் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஜுரம் வுட்டுச்சாடா?"

ஜெயப்பிரகாஷ் ஊன்றிய காலை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"ஏண்டா வெளியவே நிக்கற? உள்ள வா. கூழு குடி."

"உள்ள வரக்கூடாது மாமா."

அவ்வளவுதான் சொன்னான். பச்சமுத்து சிரித்த முகத்தோடு அப்படியே நின்றான். கயிற்றைப் பார்த்தான். மச்சானின் காலைப் பார்த்தான். கயிற்றுக்கு ஒரு முழம் அந்தப் பக்கம் நிற்கிற கால். பெரியவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷாலினியா, பாப்பாவா என்று அவன் கேட்கவில்லை. ஷாலினிக்கு ஜுரம் இல்லையே.

மணிக்கட்டில் இருந்த காப்பைப் பல்லால் கடித்து இழுத்தான். முடிச்சு இறுகியிருந்தது. இழுத்த இழுப்பில் தோல் கிழிந்தது. அறுந்த காப்பைக் கல்மேல் வைத்தான். பின்னால் யாரோ, "டேய், கரகம்? கரகத்த யாருடா எடுப்பா?" என்று அலறினார்கள். பிச்சைமுத்து எழுந்து தன் கோலால் வேப்பிலைக் கயிற்றை உயரத் தூக்கிப் பிடித்தார். அது பச்சமுத்து மேல் பட்டுவிடக் கூடாதென்றா, அவன் குனியாமல் போகட்டும் என்றா, தெரியாது. அவன் வெளியே வந்தான்.

"பொழுது சாயறவரைக்கும் வெச்சிருப்பாங்க மாமா. அக்கா சொல்லியிருக்குது, நீ வருவன்னு."

கியர் சைக்கிளுக்குக் கேரியர் கிடையாது. முன்கம்பியில் ஜெயப்பிரகாஷ் உட்கார, பச்சமுத்து மிதித்துப் பார்த்தான். கல்லுத் தடத்தில் இருவருமாக விழுந்தார்கள். எழுந்து, ஏறி உட்கார்ந்தார்கள். மறுபடியும் விழுந்தார்கள்.

"நீ போ மாமா. நான் நடந்து வரேன்." ஹெல்மெட்டைக் கழற்றி அவன் தலையில் மாட்டினான். கழுத்து வாரை இறுக்கிவிட்டான். "எறக்கத்துல முன்பிரேக்க மட்டும் புடிக்காத, தூக்கி அடிச்சிரும். பின்னாடிது மொதல்ல. ஓடையில தூக்கிக்கோ. வேகமா போவாத."

பச்சமுத்து வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினான். போய்விட்டான்.

ஜெயப்பிரகாஷ் நடந்தான். கொஞ்ச தூரத்தில் ஓட ஆரம்பித்தான். எதற்கென்று கேட்டால் அவனுக்கே தெரியாது. புல்லுமேட்டில் இப்போது சின்னப்பொண்ணு இல்லை, மாடுகளும் இல்லை. மேற்கே இருந்த வெயில் போய், கீழே சமவெளிமேல் மழை சாம்பலாக இறங்கிக்கொண்டிருந்தது. மேட்டின் விளிம்புக்கு வந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. பெரியப்பா.

"எங்கடா இருக்கற? உனக்கு எத்தினி வாட்டிடா போடறது?"

"வந்துக்கினு இருக்கறேன் பெரியப்பா."

"முடிச்சிட்டோம்டா."

காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தான்.

"மழ கட்டிக்கினு வந்துச்சி. வெட்டின குழியில தண்ணி எறங்க ஆரம்பிச்சிரிச்சி. அக்கா வுடவே இல்ல, நாலு பொம்பளைங்க புடிச்சிக்கினாங்க. அவன்தான் காப்பு கட்டிக்கினு இருக்கறானே, எங்க வரப்போறான்னுதான்..."

"அவுத்துட்டாரு பெரியப்பா."

"இன்னாடா சொல்ற? காப்பயா?"

"அறுத்துப் போட்டுட்டு வராரு."

தங்கதுரை வயசான மனுஷன். எத்தனையோ சாவுக்கு முன்னால் நின்றவர். காப்பு அறுத்துக்கொண்டு வந்தவனை அவர் பார்த்ததில்லை. அந்த ஊரில் யாருமே பார்த்ததில்லை. அதனால்தான் மழைக்கு ஒரு தார்ப்பாய் பிடித்து இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. "ஐயோ" என்றார். அதை மெதுவாகத்தான் சொன்னார்.

விளிம்பிலிருந்து பார்த்தால் காட்டுத் தடம் மரங்களுக்கு நடுவே அங்கங்கே தெரியும். வெகு கீழே ஒரு வளைவில் மஞ்சளாக ஒரு பொட்டு போனது. இறக்கம்தான். மிதிக்காமல் விட்டாலே சைக்கிள் ஓடும். ஆனாலும் அவன் மிதித்துக்கொண்டிருந்தான். முதுகு முன்னும் பின்னும் ஆடுவது தெரிந்தது.

"மாமா!" என்று ஜெயப்பிரகாஷ் கத்தினான். "மெதுவா போ மாமா! மெதுவா!"

காற்று அந்தக் குரலை எதிர்ப் பக்கமாக எடுத்துக்கொண்டு போனது. வழுக்கி எங்கேயாவது நின்றுவிடட்டும், டயர் பஞ்சராகட்டும், ஓடை மறிக்கட்டும் என்றெல்லாம் அவன் மனசு ஓடியது. போய்ச் சேருகிறவரைக்கும் அந்த மனுஷன் ஒருத்தனுக்காவது பாப்பா மண்ணுக்கு மேலே இருக்கிறாள் இல்லையா, கண்ணுங்களா.

மஞ்சள் பொட்டு மரங்களுக்குள் மறைந்தது.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. "டேய்," என்றார் பெரியப்பா. "இப்போ எங்க வந்துக்கினு இருக்கறான்?"

"கிட்ட வந்துட்டாரு பெரியப்பா," என்றான் ஜெயப்பிரகாஷ். "ரொம்ப வேகமா வராரு."